'கெட்' (get) என்ற ஆங்கில வினைச்சொல்: பொருள் எங்கே மாறுகிறது, எப்படிப் பிடிப்பது?

நெய்தல்குமரி:
எல்லோருக்கும் வணக்கம். 'கெட்' என்றால் 'பெறு' என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். ஆனால் 'கெட் டயர்ட்', 'கெட் ஹோம்', 'கெட் இட் டன்', 'காட் ஃபயர்ட்' ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்) என்று வரும்போது பெறுவது எங்கே இருக்கிறது? அகராதியைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் பொருள் கொடுத்திருக்கிறார்கள். அத்தனையையும் மனப்பாடம் செய்யாமல் பிடிக்க வழி உண்டா? அலுவலக மெயில் எழுதுகிறவர்களுக்கும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் உதவுகிற மாதிரி சொன்னால் நல்லது.

சொல்லேர்:
மனப்பாடம் வேண்டாம். 'கெட்'டுக்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொருளை அதுதான் முடிவு செய்கிறது.

பெயர்ச்சொல் நின்றால் கிடைத்தது, வாங்கியது, கொண்டுவந்து கொடுத்தது: 'ஐ காட் எ ஜாப்', 'கெட் மீ சம் வாட்டர்'. அட்ஜெக்டிவ் நின்றால் அப்படி ஆனது: 'ஹி காட் ஆங்க்ரி', 'கெட் ரெடி'. இடம் நின்றால் போய்ச் சேர்ந்தது: 'வி காட் டு மதுரை அட் சிக்ஸ்'. வி-3, அதாவது வினையின் மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) நின்றால் அவருக்கு நேர்ந்தது: 'ஹி காட் ஹர்ட்'. 'டு' போட்டு இன்னொரு வினை வந்தால் பெரும்பாலும் வாய்ப்பு: 'வி காட் டு சீ தி கேப்டன்', அதாவது கேப்டனைப் பார்க்க வாய்த்தது. ஆள், அவருக்குப் பின் 'டு', பிறகு வினை என்று வந்தால் அவரைச் செய்ய வைத்தது.

எல்லாவற்றிலும் ஊடாக ஓடுவது ஒன்றே: மாற்றம். இல்லாதது கைக்கு வருகிறது, இங்கே இருந்தவர் அங்கே போகிறார், சும்மா இருந்தவருக்குக் கோபம் வருகிறது. மாறி முடிந்த பிறகு இருக்கும் நிலையைச் சொல்ல 'பி' அல்லது 'ஹேவ்' வேண்டும். நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த எல்லையில்தான். 'ஷி காட் மேரிட் இன் 2015' சரி, அன்று நடந்தது. 'ஷி காட் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்' தவறு. கல்யாணமாகிப் பத்து வருஷம் என்பது நிலை, ஆகவே 'ஷி ஹேஸ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்'.

தலைவலியை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளியும். 'ஐ ஆம் கெட்டிங் எ ஹெட்ஏக்': இப்போதுதான் ஆரம்பிக்கிறது. 'ஐ ஹேவ் காட் எ ஹெட்ஏக்': இப்போது இருக்கிறது. 'ஐ காட் எ ஹெட்ஏக்': நேற்றோ காலையிலோ வந்தது. மூன்றுக்கும் நாம் 'தலைவலி'யோடு ஒரு 'வரு'வையோ 'இரு'வையோ சேர்த்துவிட்டுப் போகிறோம். ஆங்கிலத்தில் வினையின் வடிவம் மாறியாக வேண்டும்.

பொருநைக்கரை:
சொல்லேர் சொன்னதோடு எழுவாயையும் கவனிக்க வேண்டும். தமிழில் 'எனக்குக் கடிதம் கிடைத்தது' என்றால் எழுவாய் கடிதம், ஆள் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். ஆங்கிலத்தில் ஆளே எழுவாய்: 'ஐ காட் தி லெட்டர்'. தமிழ் அமைப்பை அப்படியே கொண்டுபோனால் 'ஃபீவர் கேம் டு மீ' என்று வந்துவிடும். 'ஐ காட் எ ஃபீவர்' என்பதே சரி.

'கிடைச்சுதா?' என்ற கேள்விக்கும் இதே கதிதான். 'இஸ் இட் காட்?' என்று கேட்கிறார்கள். 'டிட் யூ கெட் இட்?' என்று கேட்க வேண்டும். கிடைத்தல் என்ற பொருளில் 'கெட்'டைச் செயப்பாட்டுவினையில் வைக்கும் வழக்கம் அநேகமாக இல்லை. 'டிக்கெட்ஸ் வேர் காட்' யாரும் சொல்வதில்லை. 'வி காட் தி டிக்கெட்ஸ்' என்று ஆளை முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் 'டிக்கெட்ஸ் வேர் புக்ட்' என்று வினையை மாற்றுங்கள்.

இன்னொன்று, 'ஆனான்' என்று வரும் இடமெல்லாம் 'காட்' போட முடியாது. 'ஹி காட் எ டாக்டர்' என்று எழுதினால் அவர் போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தார் என்றுதான் படிப்பார்கள். டாக்டர் ஆனார் என்பதற்கு 'ஹி பிகேம் எ டாக்டர்'. ஆதல் பொருளில் 'கெட்'டுக்குப் பின் அட்ஜெக்டிவ் வரலாம், பெயர்ச்சொல் வரக் கூடாது. அட்ஜெக்டிவ்களிலும் சில வேறு வினையோடு பழகிப்போனவை: பால் கெடுவது 'கோ பேட்', தலை வழுக்கையாவது 'கோ பால்ட்', இலை பழுப்பது 'டர்ன் யெல்லோ', நாற்பது வயது ஆவது 'டர்ன் ஃபார்ட்டி'.

நெய்தல்குமரி:
மிக்க நன்றி. செய்ய வைப்பது பற்றி இன்னும் விரிவாக வேண்டும். 'மேக்', 'ஹேவ்', 'லெட்' எல்லாமே அதே பொருள் தருகிற மாதிரி இருக்கிறது. எதை எங்கே போடுவது?

அகரமுதல்வி:
தமிழில் 'வை' என்ற ஒரே துணைவினை இந்த வேலை பாதியைப் பார்த்துவிடுகிறது. கெஞ்சிக் கையெழுத்துப் போட வைத்தாலும் மிரட்டிப் போட வைத்தாலும் 'போட வைத்தேன்'தான். ஆங்கிலத்தில் எப்படிச் செய்ய வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து வினை மாறும்.

'ஐ காட் ஹிம் டு சைன்': எடுத்துச் சொல்லி, கொஞ்சம் முயற்சி செய்து சம்மதிக்க வைத்தேன். 'ஐ மேட் ஹிம் சைன்': அவருக்கு வேறு வழியில்லை. 'ஐ ஹேட் ஹிம் சைன்': அது அவர் வேலை, சொன்னேன், போட்டார். 'ஐ லெட் ஹிம் சைன்': அவரே போட விரும்பினார், விட்டேன்.

இந்த நான்கில் 'கெட்' மட்டும்தான் 'டு' கேட்கும். 'ஐ காட் ஹிம் சைன்' என்று 'டு'வை விழுங்குவதும், 'ஐ மேட் ஹிம் டு சைன்' என்று தேவையில்லாமல் சேர்ப்பதும் நம்மூர் மெயில்களில் ரொம்பவே சகஜம். 'மேக்' செயப்பாட்டுவினையில் போகும்போது மட்டும் 'டு' வரும்: 'ஹி வாஸ் மேட் டு சைன்'.

மெயிலில் தொனியும் முக்கியம். வாடிக்கையாளருக்கு எழுதும்போது 'வி வில் மேக் தி வெண்டர் ரிப்ளேஸ் இட்' என்றால் வெண்டரைக் கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். 'வி வில் கெட் தி வெண்டர் டு ரிப்ளேஸ் இட்' என்றால் பொறுப்பு எடுத்துக்கொண்டு பேசி முடிக்கிறோம் என்று பொருள்.

சொல்லேர்:
அகரமுதல்வி ஆளை வைத்துச் சொன்னார். பொருளை வைத்து வருவது அடுத்தது, அதில் தப்பு இன்னும் அதிகம். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்று எழுதினால் கண்ணாடி முன் நின்று நீங்களே கத்தரித்துக்கொண்டதாக ஆகும். கடைக்குப் போய் வெட்டிக்கொண்டால் 'ஐ காட் மை ஹேர் கட்'. வீடு கட்டினேன், சட்டை தைத்தேன், போனை ரிப்பேர் பண்ணினேன் என்று தமிழில் நாமே செய்ததுபோலப் பேசுகிறோம், கேட்பவருக்குக் கொத்தனாரும் தையல்காரரும் கண்ணுக்குத் தெரிவார்கள். ஆங்கிலத்தில் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வரிசை: 'காட்', பிறகு பொருள், பிறகு வி-3. 'ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்'. நடுவில் இருக்கும் 'மை ஃபோன்' இடம் மாறக் கூடாது. 'ஐ காட் ரிப்பேர்ட் மை ஃபோன்' என்றால் வாக்கியமே நிற்காது.

ஆனால் இந்த அமைப்பைப் பார்த்தவுடன் 'ஆள் வைத்துச் செய்தார்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 'ஐ வில் கெட் தி ரிப்போர்ட் டன் பை சிக்ஸ்' என்றால் எழுதுவது நானாகவே இருக்கலாம், ஆறு மணிக்குள் முடித்துவிடுவேன் என்பதுதான் செய்தி. 'ஹி காட் ஹிஸ் ஃபிங்கர் காட் இன் தி டோர்' என்றால் கதவில் விரல் மாட்டிக்கொண்டது, வேண்டுமென்று எவரும் செய்யவில்லை. (அதில் இரண்டாவதாக வருவது 'கேட்ச்'சின் வி-3. தமிழில் எழுதினால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உச்சரிப்பில் அது நீளும்.) மூன்றில் எது என்பதைச் சூழல்தான் சொல்லும்.

வடகரையான்:
'ஹி காட் ஃபயர்ட்' (வேலையிலிருந்து நீக்கப்பட்டான்) பற்றி யாரும் தொடவில்லையே. இதற்குத் தமிழில் அருமையான இணை இருக்கிறது: 'வாங்கு'. அடி வாங்கினான், திட்டு வாங்கினான். அங்கேயும் 'வாங்கு' கடையில் வாங்குவதல்ல, தன் மேல் வந்து விழுந்தது. 'ஹி காட் பீட்டன்', 'ஹி காட் ஸ்கோல்டட்' அச்சாக அதே மாதிரி. அடிக்கப்பட்டான் என்பதற்கும் அடி வாங்கினான் என்பதற்கும் தமிழில் தொனி வேறுபடுகிறதல்லவா, 'வாஸ் பீட்டன்', 'காட் பீட்டன்' வேறுபாடும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டாவதில் பேச்சுவாடை இருக்கும், பட்டவர் மேல் கவனம் இருக்கும். பல நேரம் நடந்தது கெட்டது, அல்லது எதிர்பாராதது, அல்லது அவரே இழுத்துவிட்டுக்கொண்டது. நல்லதற்கும் வரும்: 'ஷி காட் ப்ரமோட்டட்', 'வி காட் பெய்ட்'.

எங்கே வராது என்பதுதான் முக்கியம். நிகழ்ச்சி என்று எதுவும் இல்லாத இடத்தில் வராது. 'டமில் இஸ் ஸ்போக்கன் இன் சிங்கப்பூர்' சரி, 'கெட்ஸ் ஸ்போக்கன்' ஒட்டாது. வரலாற்று நடையிலும் பொருந்தாது. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது என்பதை 'வாஸ் கம்ப்ளீட்டட் இன் 1010' என்றுதான் எழுத வேண்டும். 'காட் கம்ப்ளீட்டட்' என்று போட்டால் தெருமுனையில் பாலம் முடிந்த செய்தி மாதிரி ஆகிவிடும்.

கேள்வியிலும் எதிர்மறையிலும் இந்தக் 'காட்' சாதாரண வினை மாதிரியே நடக்கும், 'டூ' துணைக்கு வரும். 'டிட் ஹி கெட் ஹர்ட்?', 'ஷி டிட்ன்ட் கெட் பெய்ட்'. 'காட் ஹி ஹர்ட்?' என்று 'வாஸ்' போலத் திருப்பிப் போட முடியாது.

திணைமாலை:
ஒரு மாற்றுக் கருத்து. எழுத்தில் 'கெட்' கூடவே கூடாது என்று பல ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன். எதை எடுத்தாலும் 'காட்' போடுகிறவருக்கு வேறு சொல்லே வராமல் போய்விடுகிறது. 'ரிசீவ்', 'அப்டெய்ன்', 'பிகம்', 'அரைவ்' எல்லாம் எதற்கு இருக்கின்றன?

அகரமுதல்வி:
திணைமாலை, முழுத் தடை மாணவரைக் கெடுக்கும். ஐஇஎல்டிஎஸ் தேர்வின் ஜெனரல் ட்ரெய்னிங் பிரிவில், எழுத்துத் தாளின் முதல் பணியில் 150 சொற்களுக்குக் குறையாமல் ஒரு கடிதம் எழுதச் சொல்கிறார்கள். அது நண்பருக்கு எழுதுவதாக இருந்தால் 'ஐ அப்டெய்ன்ட் யுவர் லெட்டர்' என்று எழுதுவதுதான் பிழை, 'காட்' அல்ல. இரண்டாம் பணியில், 250 சொல் கட்டுரையில், நீங்கள் சொல்வது பொருந்தும். அங்கே வரிக்கு வரி 'கெட்' வந்தால் சொல்வளம் குறைவு என்று தெரிந்துவிடும்.

மாற்றும்போதும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. யாரோ அனுப்பியது அல்லது கொடுத்தது என்றால் 'ரிசீவ்'. விண்ணப்பித்து, அலைந்து வாங்கியது என்றால் 'அப்டெய்ன்': அனுமதி, உரிமம், சான்றிதழ். காலப்போக்கில் சேர்த்துக்கொண்டது என்றால் 'அக்வயர்': திறமை, சொத்து. 'காட் ஹிம் டு அக்ரீ' என்பதற்கு 'பர்ஸ்வேடட் ஹிம் டு அக்ரீ'. 'காட் வொர்ஸ்' என்பதற்கு 'டிடீரியோரேட்டட்'. ஆனால் காய்ச்சலை 'அப்டெய்ன்' செய்ய முடியாது, எவரும் மனுப்போட்டுக் காய்ச்சல் வாங்குவதில்லை. 'கெட் மேரிட்' எவ்வளவு முறையான எழுத்திலும் நிற்கும், அதைத் தொட வேண்டாம்.

திணைமாலை:
ஏற்கிறேன். கட்டுரைக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறேன்.

ஏழிலைப்பாலை:
அமெரிக்காவுக்கு எழுதுகிறவர்கள் 'காட்டன்' (gotten) என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் வி-3 'காட்' மட்டும். அமெரிக்காவில் இரண்டும் உண்டு, பொருள்தான் வேறு. 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது. 'ஐ ஹேவ் காட்டன் எ கார்' என்றால் கார் வாங்கிவிட்டேன். 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும். 'ஐ ஹேவ் காட்டன் டு கோ' என்றால் போகும் வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ஆகவே 'காட்டன்' என்பதைக் கொச்சை என்று அடித்துவிடாதீர்கள். பழைய வடிவம்தான், பிரிட்டிஷ் பொதுவழக்கில் உதிர்ந்தது, 'ஃபர்காட்டன்' போன்றவற்றில் அங்கேயும் தங்கிவிட்டது. வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் இருந்த 'கெட்டா'விலிருந்து வந்த சொல் இது. 'ஃபர்கெட்' அதே வேரின் ஆங்கிலக் கிளை.

இரண்டு நாட்டுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று. 'ஐ ஹேவ் காட் யுவர் மெயில் எஸ்டர்டே' எங்குமே சரியில்லை. 'எஸ்டர்டே' வந்தால் 'ஐ காட்'.

பொருநைக்கரை:
இனி இந்திய ஆங்கிலத்துக்கே உரிய மூன்று.

'தி எக்ஸாம் காட் ஓவர்'. வெளிநாட்டார் காதில் 'கெட் ஓவர்' என்றால் ஒரு துக்கத்தையோ நோயையோ கடந்து மீள்வது: 'ஷி காட் ஓவர் தி ஃப்ளூ'. பரீட்சை முடிந்தது என்பதற்கு 'தி எக்ஸாம் இஸ் ஓவர்' அல்லது 'எண்டட் அட் ஒன்'. பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலைப்பது 'கெட் இட் ஓவர் வித்'.

'கெட் டவுன்'. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு 'கெட் ஆஃப்', காரிலிருந்து இறங்குவதற்கு 'கெட் அவுட்'. ஏறுவதற்கும் அதே பாகுபாடு. உள்ளே நின்று நடக்க இடமிருக்கும் பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'கெட் ஆன்'. குனிந்து உள்ளே உட்காரும் கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்'. பைக், குதிரை என்று கால் போட்டு மேலே உட்காருவதற்கு 'கெட் ஆன்'. 'கெட் டவுன்' என்பது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ கீழே வருவது. கூட்டத்தில் எவராவது அப்படிக் கத்தினால் 'குனி' என்று எச்சரிக்கிறார்.

'ஐ காட் டு நோ தட் தி சர்வர் இஸ் டவுன்'. 'தெரியவந்தது' என்பதன் நேர்நிழல். ஆனால் 'கெட் டு நோ' என்றால் ஓர் ஆளோடோ ஊரோடோ மெல்லமெல்லப் பழகி அறிவது. சர்வர் விழுந்த செய்திக்கு 'ஐ ஃபவுண்ட் அவுட்', 'ஐ ஹேர்ட்', முறையான மெயிலில் 'ஐ வாஸ் இன்ஃபார்ம்ட்'.

வடகரையான்:
முதல் இரண்டையும் தவறு என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தியாவுக்குள் கண்டக்டர் முதல் பேராசிரியர் வரை 'கெட் டவுன்' சொல்கிறார்கள், எவருக்கும் குழப்பமில்லை. கோடிக்கணக்கானோர் புழங்கும் வழக்கு, அதற்கும் மரியாதை உண்டு.

பொருநைக்கரை:
மரியாதையைக் குறைக்கவில்லை, வடகரையான். கேட்பவர் யார் என்பதுதான் கணக்கு. கோயம்பேட்டில் 'கெட் டவுன்' தாராளமாகச் சொல்லலாம். மான்செஸ்டர் வாடிக்கையாளருக்கு எழுதும்போதும் தேர்வுத்தாளிலும் 'கெட் ஆஃப்' போட வேண்டும். 'காட் டு நோ' மட்டும் இரண்டு இடத்திலும் தவிர்ப்பது நல்லது, ஏனென்றால் அங்கே கேட்பவர் வேறு பொருளைப் புரிந்துகொள்வார்.

நெய்தல்குமரி:
எல்லோருக்கும் நன்றி. பயிற்சிக்கு ஐந்து வாக்கியம் போடுகிறேன், திருத்துங்கள். ஒன்று, 'தி ஃபைல் இஸ் நாட் காட் டில் நவ்'. இரண்டு, 'ஐ வில் கெட் டு ஹோம் பை எய்ட்'. மூன்று, 'ஷி காட் எ டீச்சர் இன் எ கவர்ன்மென்ட் ஸ்கூல்'. நான்கு, 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு ட்ரைவ் ஆன் தி ரைட்'. ஐந்து, 'தி டேட்டா காட் டெலீட்டட்'.

சொல்லேர்:
முதலாவதில் ஆளை எழுவாயாக்குங்கள்: 'வி ஹேவ் நாட் ரிசீவ்ட் தி ஃபைல் யெட்'. 'டில் நவ்' போய் 'யெட்' வந்ததையும் கவனியுங்கள்.

இரண்டாவதில் 'டு' வேண்டாம். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் 'கெட்' நேராகப் போகும். 'ஆபீஸ்', 'ஸ்டேஷன்', ஊர்ப் பெயர் என்றால் 'டு' கட்டாயம்.

மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்றாகிவிட்டது. 'ஷி பிகேம் எ டீச்சர்' என்று எழுதுங்கள், வேலை கிடைத்ததைச் சொல்ல வேண்டுமானால் 'ஷி காட் எ ஜாப் ஆஸ் எ டீச்சர்'.

நான்காவதில் 'ட்ரைவ்' அல்ல, 'ட்ரைவிங்'. இந்த 'டு' முன்னிடைச்சொல் (ப்ரெபொசிஷன்), ஆகவே பெயர்ச்சொல்லோ 'இங்' வடிவமோ கேட்கும்: 'கெட் யூஸ்ட் டு தி ஹீட்', 'கெட் யூஸ்ட் டு ட்ரைவிங்'. 'ஐ யூஸ்ட் டு ட்ரைவ்' என்பது வேறு, முன்பு ஓட்டுவேன், இப்போது இல்லை.

ஐந்தாவது இலக்கணப்படி சரியானது.

அகரமுதல்வி:
ஐந்தாவதில் ஒரு சொல் சேர்க்கிறேன். இலக்கணம் சரி, ஆனால் வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலில் 'தி டேட்டா காட் டெலீட்டட்' என்றால் தானாக அழிந்ததுபோல ஒலிக்கும், அடுத்த மெயிலே 'பை ஹூம்?' என்று வரும். காரணம் தெரிந்தால் காரணத்தை எழுவாயாக்குங்கள்: 'தி நைட் பேக்கப் ஸ்கிரிப்ட் டெலீட்டட் தி டேட்டா'. இன்னும் தெரியவில்லை என்றால் 'தி டேட்டா வாஸ் டெலீட்டட். வி ஆர் ஃபைண்டிங் அவுட் ஹவ்' என்று எழுதி, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.